காவல் நிலையக் குளியலறையில் 'வழுக்கி விழுந்தவர்களை' நேரில் பார்த்தவர்கள் உண்டா?

கட்டு அறை
பதினோரு வருடம் ஓர் அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடும் அறையில் உதவியாளராக இருந்தேன். எத்தனையோ கை, எத்தனையோ கால். ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. இரவு இரண்டு மணி இருக்கும். இரண்டு காவலர்கள் ஒரு பையனை அழைத்து வந்தார்கள். மிஞ்சினால் பத்தொன்பது வயது. வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. "குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டான், எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் மூத்தவர். பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதினார். நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் கீழே பார்த்தேன். பையன் செருப்பை இடது கையில் பிடித்திருந்தான். உள்ளங்கால் இரண்டும் உப்பிப் போயிருந்தன, செருப்பு ஏறாது. வழுக்கி விழுந்தவனுக்கு உள்ளங்கால் எப்படி வீங்கும்? கேள்வி தொண்டை வரை வந்தது. "கட்டு இறுக்கமாக இருக்கிறதா தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.

தேன்மொழி
என் தம்பியைச் செல்போன் திருட்டில் சந்தேகம் என்று அழைத்துப் போனார்கள். மூன்று நாள் வைத்திருந்தார்கள். எங்கேயும் பதிவு கிடையாது, 'விசாரணை' அவ்வளவுதான். நான் தினமும் இட்லிப் பொட்டலத்துடன் போய் நிற்பேன், வாசலில் இருந்தவர் வாங்கி வைத்துக்கொள்வார். மூன்றாம் நாள் ஒரு தாளை நீட்டினார்கள். 'காயம் எதுவும் இல்லாமல் நல்ல நிலையில் அழைத்துச் செல்கிறேன்.' கையெழுத்துப் போட்டேன். கத்திரி வெயிலில் தம்பி சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு நின்றான். இரண்டு வாரம் குப்புறப் படுத்துத்தான் தூங்கினான். செல்போன் தொலைத்தவர் வீட்டிலேயே பிறகு அது கிடைத்துவிட்டதாம். அவர் எங்களிடம் வந்து சொல்லவில்லை, கடைக்காரர் சொல்லித் தெரிந்தது.

பழைய ஏட்டு
எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். நான் முப்பத்து நான்கு வருடம் பணி செய்து தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவன். ஒரு வீட்டில் நாற்பது பவுன் போய்விட்டது. மேலிடம் இரண்டு நாள் கெடு கொடுத்தது. சந்தேகத்தில் பிடித்த பையனை ஆய்வாளர் அடித்தார், அவன் காலை அசையாமல் நான் பிடித்துக்கொண்டேன். மறைக்கவில்லை. நகை கிடைத்தது. புகார் கொடுத்த அம்மாள் நிலையம் முழுவதற்கும் லட்டு வாங்கி வந்தார். "இரண்டு தட்டுத் தட்டினால் உண்மை வரும் சார்" என்று எங்களிடம் சொன்னவர்களும் உங்களைப் போன்ற பொதுமக்கள்தான். லட்டு வாங்கித் தந்தவர்கள் யாரும் இங்கே எழுதவில்லையே?

நெல்லைத் தமிழன்
ஏட்டையா, காலைப் பிடித்ததை இவ்வளவு சாதாரணமாக எழுதுகிறீர்களே. நகை போனதால்தான் அடித்தோம் என்கிறீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் எந்த நகை போனது? ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்திருந்தார்கள் என்று தந்தையையும் மகனையும் பிடித்தார்கள். நான்கு நாளுக்குள் இரண்டு பேரும் இறந்தார்கள். அந்த நிலையத்தில் கேமரா இருந்தது, பதிவைச் சேமிக்க இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய காட்சி தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரித்த நீதித்துறை நடுவர் அறிக்கையில் எழுதினார். லத்தியிலும் மேசையிலும் இரத்தக்கறை இருந்தது என்று அவரிடம் சாட்சி சொன்ன ரேவதி யார்? உங்களைப் போலவே ஒரு தலைமைக் காவலர்தான். அவருக்கும் மேலிடம் இருந்தது, குடும்பம் இருந்தது.

என் அனுபவம் சிறியது. அதே ஊரடங்கில் பால் வாங்கப் போனபோது ஆடுதசையில் ஒரு அடி. பால் பாக்கெட் உடைந்து செருப்பெல்லாம் பால். அடித்தவருக்கு என் மகன் வயது இருக்கும்.

வக்கீல் குமாஸ்தா
எனக்கும் ஓர் அடி விழுந்திருக்கிறது, அது கிடக்கட்டும். தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். தேன்மொழி அம்மா, அந்தத் தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கவே கூடாது. தம்பியை வெளியே அழைத்து வந்த கையோடு அரசு மருத்துவமனைக்குப் போய்க் காயங்களைப் பதிந்திருக்க வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: கைது செய்தால் குறிப்பாணை எழுத வேண்டும், அதில் சாட்சிக் கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் போக வேண்டும், காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். 2020 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா, பதினெட்டு மாதப் பதிவு. எங்கெங்கே பொருத்த வேண்டும் என்ற பட்டியலில் கழிப்பறைக்கு வெளிப்புறமும் இருக்கிறது! ஆக, 'வழுக்கி விழுந்தார்' என்று சொன்னால், அவர் உள்ளே நடந்து போனதையும் வெளியே தூக்கி வந்ததையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும், இல்லையென்றால் எடுக்க மாட்டார்கள். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லியிருக்கிறது. மனுவை விரைவுத் தபாலில் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், ஒப்புகைச் சீட்டைத் தொலைக்காதீர்கள். இதையெல்லாம் செய்யாமல் பிறகு புலம்பிப் பயனில்லை.

தேன்மொழி
குமாஸ்தா சார், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாவிட்டால் தம்பியை வெளியே விட்டிருக்க மாட்டார்கள். எழுதுவதற்கு முன் அதை யோசித்தீர்களா?

மலையடிவாரம்
நான் தருமபுரி மாவட்டத்துக்காரன். சட்டம் இருக்கிறது என்று குமாஸ்தா சொல்வது சரி. எங்கள் மாவட்டத்து வாச்சாத்தி மலைக்கிராமத்தில் சோதனை என்ற பெயரில் பழங்குடி மக்களை அடித்து, பெண்களை வன்கொடுமை செய்தது 1992-இல். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை என்று 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். தீர்ப்பு வந்தது 2011-இல். அதற்குள் 54 பேர் செத்தே போய்விட்டார்கள். உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2023-இல். சம்பவத்தின்போது கைக்குழந்தையாக இருந்தவருக்கு அப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. ஒப்புகைச் சீட்டை முப்பது வருடம் எந்தப் பரணில் வைப்பது, அதையும் சொல்லுங்கள்.

பழைய ஏட்டு
நெல்லைத் தம்பிக்கு: ரேவதி அம்மாள் தைரியசாலி, மறுக்கவில்லை. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

நெல்லைத் தமிழன்
நாற்பது பவுனை எடுத்தவன் அந்தப் பையன்தானா? அதையாவது சொல்லிவிட்டுப் போங்கள் ஐயா.

தேன்மொழி
கட்டு அறை அண்ணா, அந்தப் பையன் கட்டுப் பிரிக்கத் திரும்ப வந்தானா?

கட்டு அறை
வரவில்லை அம்மா. ஆறு வாரம் கழித்து வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தோம். அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டது பையன் இல்லை, காவலர். சிறை மருத்துவமனையில் பிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன் என்று பேச்சுவாக்கில் சொன்னான். வலது கையில் கட்டு இருந்ததால் பதிவேட்டில் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். மைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தது நான்தான்.