பழைய பெட்ஃபோர்ட் லொறிக்கு ஷாப்ட் ஒரே துண்டா, இரண்டு துண்டா?

ஹட்டன் லொறி:
பழைய பெட்ஃபோர்ட், நீளச் சேசி (அடிச்சட்டம்). கேட்பது கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அக்சிலுக்குக் கொண்டுபோகும் ஷாப்ட் பற்றி. கியர்பாக்ஸ் பிளாஞ்சிலிருந்து (ஷாப்டைப் பூட்டும் தட்டு) பின் அக்சிலின் டிபரென்ஷல் பிளாஞ்ச் வரை 2050 மி.மீ. இப்போது இரண்டு துண்டு ஷாப்ட், நடுவில் அதைத் தாங்கும் சென்டர் பெயாரிங். அதன் ரப்பர் கிழிந்துவிட்டது. கொழுந்துச் சுமையோடு மேட்டில் முதல் கியரில் எடுத்தால் அடியில் உதறுகிறது, வேகம் பிடித்ததும் நின்றுவிடுகிறது. பெயாரிங்கைக் கழற்றிவிட்டு 3 அங்குலக் குழாயில் ஒரே துண்டாக அடிக்கச் சொல்கிறார்கள். மாதம் இரண்டு முறை கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்கும் இறங்கும். எது சரி?

பண்டாரவளை லேத்:
ஒரே துண்டு வேண்டாம். நீளக் குழாய் ஒரு குறிப்பிட்ட சுற்றை எட்டினால் நடுவில் வில்லாக வளைந்து அடிக்கும். எவ்வளவு நன்றாக பேலன்ஸ் செய்தாலும் இது போகாது. வெளிவிட்டம் 76, சுவர் 2 மி.மீ. உள்ள இரும்புக் குழாய்க்கு 2050 நீளத்தில் அந்த எல்லை நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 சுற்று. அதில் முக்கால் பங்கு, அதாவது 2250 வரைதான் நம்பி ஓட்டலாம். டொப் கியரில் இன்ஜின் சுற்றும் ஷாப்ட் சுற்றும் ஒன்றுதான். கித்துல்கல தாண்டி அவிசாவளைப் பக்கம் வேகம் பிடித்தால் 2250ஐத் தொட்டுவிடும். நியூட்ரலில் இறக்கினால் இன்னும் மோசம், இன்ஜின் சத்தம் அடங்கியிருக்கும், ஷாப்ட் மட்டும் பறக்கும். நீளம் பாதியானால் எல்லை நான்கு மடங்கு ஏறும், இரண்டு துண்டாகச் செய்ததே அதற்காகத்தான்.

4 அங்குலக் குழாய் போட்டால் கணக்கு சரிவரும். ஆனால் பள்ளத்தில் அக்சில் மேலே எழும்பும்போது குழாய் சேசியின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். சட்டத்தை வெட்டச் சொன்னால் கேட்க வேண்டாம்.

வெலிமடை கராஜ்:
லேத் சொன்னது சரி. அந்த உதறலுக்குக் காரணத்தையும் பாருங்கள். முதல் கியரில் முறுக்கு அதிகம். ஜொயின்ட் (ஷாப்ட் முனையில் மடங்கும் மூட்டு) கோணத்தில் நிற்கும்போது அந்த முறுக்கு சென்டர் பெயாரிங்கை ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தள்ளும், கிழிந்த ரப்பர் அதைத் தாங்காது. பெயாரிங், ரப்பர், பிராக்கெட் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள்.

பின்னால் ஸ்பிரிங் பட்டை கூட்டியிருக்கிறீர்களா? கூட்டியிருந்தால் சேசி உயர்ந்து கோணம் கெட்டிருக்கும், புது ரப்பரும் சில மாதத்தில் போய்விடும். சமதரையில், வழக்கமான சுமையை ஏற்றியபடியே கோணமானி வைத்து அளக்கவும். முன் துண்டு கியர்பாக்ஸோடு ஏறக்குறைய நேராக, 1 பாகைக்குள். முன் துண்டும் டிபரென்ஷல் பினியனும் (ஷாப்ட் சுழற்றும் பல்சக்கரத் தண்டு) ஒன்றுக்கொன்று இணையாக. பின் துண்டின் இரு ஜொயின்டிலும் கோணம் 3 பாகையைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. பிராக்கெட் உயரத்தைத் தகடு வைத்துத் திருத்தலாம், பினியனுக்கு ஸ்பிரிங்குக்கும் அக்சிலுக்கும் நடுவில் ஆப்புத் தகடு.

ஹட்டன் லொறி:
இரண்டு பட்டை கூட்டியிருக்கிறது, அளந்து பார்க்கிறேன். கழற்றும்போது வேறு என்ன கவனிக்க வேண்டும்?

வெலிமடை கராஜ்:
முதலில் சில்லுகளுக்குக் கட்டை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ட்ரம் உள்ள ஹேண்ட்பிரேக் என்றால், ஷாப்டைக் கழற்றிய நொடியில் பிரேக் இல்லாமல் போகும், மலைச் சரிவில் லொறி உருண்டுவிடும். ஸ்பிளைன் (ஒன்றுக்குள் ஒன்று நகரும் பல் வெட்டிய இணைப்பு) இருபுறமும் பெயின்டால் கோடு போட்டுவிட்டுப் பிரியுங்கள். பின் துண்டின் இரு முனை யோக்கும் (ஜொயின்டைப் பிடிக்கும் கவை) ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் அதிரும்.

ஜொயின்ட் கப்பைச் சுற்றிச் சிவப்புத் துருத் தூள் இருந்தால் உள்ளே கிறீஸ் இல்லை, மாற்றிவிடுங்கள். புதியதைப் பூட்டும்போது கப் முழுதாக இறங்காமல் சர்க்ளிப் (கப்பைப் பிடிக்கும் வளையம்) உட்காரும் காடி பாதி மறைந்திருந்தால், கப்புக்குள் இருக்கும் ஊசி உருளை ஒன்று அடியில் குறுக்கே விழுந்திருக்கிறது. சுத்தியலால் அடிக்காதீர்கள், வெளியே எடுத்து ஊசிகளைக் கிறீஸில் ஒட்டி வைத்து மறுபடி போடுங்கள். பூட்டிய பின் நான்கு கப்பிலும் கிறீஸ் பிதுங்கும்வரை பம்ப் செய்யவும். மூன்றில் மட்டும் வந்தால் நான்காவது சீக்கிரம் தேயும்.

பண்டாரவளை லேத்:
முன் ஜொயின்டுக்குக் கொஞ்சம் பின்னால் சேசியில் ஒரு இரும்பு வளையமும் போட்டுவிடுங்கள். அந்த ஜொயின்ட் உடைந்தால் குழாய் முனை ரோட்டில் குத்தி லொறியையே தூக்கிவிடும்.