ஒரே ஏரியல், மூணு ரூம் டிவி: உங்க வீட்டுல எப்படிச் சமாளிச்சீங்க?

தாராபுரத்தான்:
எங்க தோட்டம் தாராபுரத்துக்கு வடக்கால. கொடைக்கானல் தூர்தர்ஷன் டவர் அங்கிருந்து தெக்கால, சுமார் 60 கிலோமீட்டர். அப்பல்லாம் ஏரியலை மலையப் பாத்துத் திருப்பி வெச்சா ஆசாரத்து (ஹால்) டிவியில படம் பளிச்சுனு வருமுங்க. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி அவங்க ரூமுக்கு ஒண்ணு, அப்பத்தாளுக்கு ஒண்ணுன்னு டிவி சேந்தப்பத்தான் வம்பு ஆரம்பிச்சுது.

சித்தப்பா கேபிளைச் சீவி, கம்பியோட கம்பியை முறுக்கி டேப்பைச் சுத்திட்டாரு. செய்தி வாசிக்கிற அம்மாவுக்குப் பக்கத்துல இன்னொரு அம்மா நெழலாட்டம் நிக்கறாங்க! ஏரியல், கேபிள், டிவி எல்லாம் 75 ஓம்ங்கற மின்தடைக் கணக்குல ஒத்துப்போகோணும். முறுக்குன எடத்துல கணக்குக் கெட்டு, சிக்னல்ல கொஞ்சம் திரும்பி அடிக்கும். அதுதான் அந்த ரெண்டாவது அம்மா.

அப்பறம் மெக்கானிக், சிக்னலைப் பல டிவிக்குப் பிரிச்சுக் குடுக்கற ஸ்பிளிட்டர் போட்டாரு. நெழல் போச்சு, பொரிப்பொரியா வந்துது. நாலு வழி ஸ்பிளிட்டர்ல ஒவ்வொரு வழிக்கும் 7 டெசிபல் போயிரும், அதாவது கால்வாசிக்கும் கம்மியாத்தான் மிஞ்சும். சிக்னலைக் கூட்டற பூஸ்டரை டிவி பக்கத்துல வெச்சுப் பாத்தாரு. பொரியுஞ் சேந்து பெருசாச்சு. கம்பத்து உச்சியில, ஏரியலை ஒட்டி வெச்சப்பறந்தான் மூணு ரூமுலயும் படம் நின்னுது. யாராவது பூஸ்டரைக் கீழ வெக்கச் சொன்னாக் கேக்காதீங்க.

கோபி அம்மிணி:
எங்கூட்டுல பூஸ்டர் மேலதானுங்ணா இருந்துது, அப்படியும் படமே இல்ல. பூஸ்டருக்குக் கரண்டு கீழ அடாப்டர்ல இருந்து அதே கேபிள்லதான் ஏறுது. நடுவுல மாட்டுன ஸ்பிளிட்டர் அதை மேல விடல. அடாப்டரை ஸ்பிளிட்டருக்கு முன்னால, பூஸ்டர் பக்கமா மாத்துனதும் சரியாப் போச்சு. எங்க அப்பா அதுக்குள்ள ரெண்டு தரம் கம்பத்துல ஏறி எறங்கிட்டாரு, பாவம்.

பல்லடம் பையன்:
இப்ப டிஷ் தட்டு வெச்சிருக்கறவங்களும் அந்தப் பழைய ஸ்பிளிட்டரையே தேடி எடுக்கறாங்க. எங்க மாமா எடுத்தாரு. ஒரு ரூமுல சேனல் மாத்துனா இன்னொரு ரூமுல படம் போயிருது. தட்டுல சிக்னலை வாங்கற எல்என்பிங்கற கருவிக்கு ஒவ்வொரு பாக்ஸும் 13 வோல்ட்டோ 18 வோல்ட்டோ அனுப்பித்தான் வேண்டியதக் கேக்கும். ஒரே கேபிள்ல ரெண்டு பாக்ஸும் வேற வேற கேட்டா அது யாருக்குத்தாங்க குடுக்கும்? ரெண்டு அவுட் இருக்கற எல்என்பி மாத்தி, பாக்ஸுக்கு ஒரு கேபிள்னு தனியா இழுத்தோம். கடையில "ரெண்டு ரூமுக்கு"ன்னு மட்டும் கேட்டா ஸ்பிளிட்டரைத்தான் எடுத்து நீட்டுவாங்க. ரெண்டு அவுட் எல்என்பின்னு அழுத்திச் சொல்லுங்க.