பி.ஏ. மியூசிக் படிச்சா வேலை கிடைக்குமா? வீட்ல ஒரே பஞ்சாயத்து

செவ்வாப்பேட்டையான்:
வணக்கம்ங்க. தங்கச்சி பிளஸ் டூ முடிச்சிட்டா. சேலம் அம்மாபேட்டையில ஒரு டீச்சர்கிட்ட ஏழு வருசமா வாய்ப்பாட்டு கத்துக்கறா, இப்ப காலேஜ்லயும் பாட்டுதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. அப்பாவுக்கு கொலுசுப் பட்டறை. "பி.காம் படிச்சா பட்டறை கணக்காவது பாப்ப, சரளி வரிசைய வச்சு எந்த வெள்ளிய எடை போடறது"ங்கறாரு. கோயம்புத்தூர் அரசு இசைக் கல்லூரியில சேக்கலாமா, படிச்சுட்டு என்னதான் ஆகலாம்?

மலைப்பாதை:
நான் திருவையாறுல படிச்சவ, இப்ப ஏற்காட்டுல பாட்டு டீச்சர். கச்சேரிக்கு எந்த சபாவும் டிகிரி கேக்காது, அது வாத்தியார் வேலைக்குத்தான் உதவும். கேந்திரிய வித்யாலயால பிரைமரிக்கு மியூசிக் டீச்சர் போஸ்ட் உண்டு, பிளஸ் டூல 50 சதவீதமும் இசையில டிகிரியும் கேப்பாங்க, 2022 அறிவிப்புல பரீட்சையில இங்கிலீஷ் ஹிந்தி ரெண்டும் இருந்துச்சு. எம்.ஏ.ல 55 சதவீதம் வாங்கி நெட்டுங்கற காலேஜ் வாத்தியார் தகுதித் தேர்வு பாஸ் பண்ணா காலேஜுக்கு அப்ளை பண்ணலாம், ஆனா இடம் ரொம்ப கம்மி. பிரைவேட் ஸ்கூல் கதை தனி, நான் முன்னாடி இருந்த ஒரு எடத்துல ஆண்டு விழா வந்தாத்தான் என் ஞாபகமே வரும், மத்த நாள்லாம் யாரு லீவோ அவங்க கிளாஸ்ல போய் உக்காரணும். டியூசன்தான் கைகொடுத்துச்சு. கீபோர்டும் கத்துக்கச் சொல்லுங்க, லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தற மியூசிக் பரீட்சைக்கு, கிரேடு எட்டு வரைக்கும் புள்ளைங்கள அனுப்பற பேரண்ட்ஸ் இப்ப ஜாஸ்தி.

தவில்வீடு:
கோவை காலேஜ் மலுமிச்சம்பட்டியில இருக்கு தம்பி, டவுன் கிடையாது, சேலத்துல இருந்து தினம் போய்வர முடியாது, ஹாஸ்டல மொதல்ல விசாரிங்க. ஏன், நம்ம சேலத்துலயே அரசு இசைப்பள்ளி இருக்கே? மூணு வருச சர்டிபிகேட், செலவும் கம்மி. தேவாரம் எடுத்தா அறநிலையத்துறை கோயில்ல ஓதுவார் வேலைக்கு முயற்சி பண்ணலாம். பொண்ணுங்களுக்கு எப்படின்னு கேக்காதீங்க, மாடம்பாக்கம் கோயில்ல 2021லயே ஒரு பொண்ண ஓதுவாரா போட்டாங்க.

மலைப்பாதை:
தவில்வீடு அண்ணன் சொல்றது சரிதான், ஆனா சர்டிபிகேட் வேற டிகிரி வேற. கேந்திரிய வித்யாலயா பக்கம் போகணும்னா டிகிரிதான். கூடவே ஆல் இந்தியா ரேடியோவுல பாடறதுக்கான ஆடிஷனும் கொடுக்கட்டும், 'பி', 'பி-ஹை', 'ஏ'ன்னு கிரேடு தருவாங்க. மாசச் சம்பளம்னு நெனச்சுக்காதீங்க, ப்ரோகிராமுக்குத்தான் காசு, ஆனா அந்த கிரேடு இருந்தா டியூசனுக்கு ஆள் தானா வரும்.

செவ்வாப்பேட்டையான்:
ரொம்ப தேங்க்ஸ்ங்க. அப்பாகிட்ட கேந்திரிய வித்யாலயா மேட்டர சொன்னேன், "சென்ட்ரல் கவர்மெண்டா?"ன்னு ரெண்டு தடவ கேட்டுட்டு டீயக் குடிச்சாரு. இவளுக்கு ஹிந்தி ஒரு எழுத்து தெரியாதுங்கறத இன்னும் சொல்லல.