பெங்களூர் எச்.ஏ.எல் விமான அருங்காட்சியகத்தில் பையனுக்கு எதை முதலில் காட்டுவது?

ராமமூர்த்திநகர் அம்மா:
பையனுக்கு ஒன்பது வயது. 2025 செப்டம்பரில் விமானப்படை தன் மிக்-21 போர் விமானத்துக்கு விடை கொடுத்ததை டிவியில் பார்த்ததிலிருந்து பழைய போர் ஜெட்டுகளைப் பக்கத்தில் போய்ப் பார்க்கணும் என்று ஒரே நச்சரிப்பு. சனிக்கிழமை எச்.ஏ.எல் (விமானம் கட்டும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம்) அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறேன். எனக்கு விமானம் பற்றி ஒன்றும் தெரியாது. எதை முதலில் காட்டுவது? அரை நாள் போதுமா?

அல்சூர்க்காரன்:
அரை நாள் தாராளம். காலையிலேயே போய்விடுங்கள், விமானங்கள் பல வெட்டவெளியில்தான் நிற்கின்றன. தொப்பி, தண்ணீர் மறக்க வேண்டாம்.

முருகேஷ்பாளையா மாமா:
அம்மா, மிக்-21ஐ அவனே தேடிப் பிடித்துவிடுவான். நீங்கள் நேராக மாருத்திடம் கூட்டிப்போங்கள். எச்.எஃப்-24 என்ற போர் ஜெட் அதுதான். ஜெர்மனியிலிருந்து வந்த விமான வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் தலைமையில் இந்த ஊரிலேயே வடிவமைத்து, இங்கேயே 147 விமானங்கள் கட்டினார்கள். என் அப்பா அதில் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடித்தவர்.

முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் நில்லுங்கள். உடல் நடுவில் இடுப்புபோல ஒடுங்கியிருக்கும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்று அதிகம் தடுக்காமலிருக்க அப்படிச் செய்தது. அப்புறம் பின்னால் போனால் இரண்டு எஞ்சின் வாய்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இரண்டும் ஆர்ஃபியஸ் என்ற ரக எஞ்சின். அந்த உடலுக்கு இன்னும் வலுவான எஞ்சின்தான் வந்திருக்க வேண்டும், பிரிட்டனில் அதன் வேலையே நின்றுபோனது. அதனால் நினைத்த வேகம் கடைசிவரை கிடைக்கவில்லை. அப்பாவுக்கு அந்த ஆதங்கம் தீரவே இல்லை. ஆனாலும் 1971 போரில் ராஜஸ்தான் பக்கம் பறந்து அடித்தது இதே மாருத்.

கடைசியாகத் தகட்டைக் கிட்டத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ரிவெட் தலை எதுவும் துருத்தாது, பெயிண்டுக்கு அடியில் சின்னச் சின்ன வட்டமாகத் தெரியும். வெளியே ஒருவர் ரிவெட் கன்னால் அடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியை அணைத்துப் பிடிக்க வேண்டும். அப்பா ஒல்லி, அதனால் எப்போதும் அவர்தான் உள்ளே. பேச்சு கேட்காது, தகட்டைத் தட்டித்தான் சரி, சரியில்லை என்று சொல்லிக்கொள்வார்களாம்.

வரும் வழியில் சுரஞ்சன் தாஸ் சாலைப் பலகையையும் காட்டுங்கள். 1961 ஜூன் 17 அன்று மாருத்தை முதன்முதலில் பறக்கவிட்டவர் அவர். 1970 ஜனவரியில் ஒரு மாருத்தைச் சோதிக்கும்போதுதான் உயிரையும் விட்டார்.

இந்திராநகர் வாசி:
கிரணையும் விடாதீர்கள். பயிற்சி விமானம், ஆசிரியரும் மாணவரும் அருகருகே உட்காருவார்கள். விமானப்படையின் சாகசக் குழுவான சூரியகிரண் 2011 வரை பறந்தது கிரணில்தான். இன்னொரு மாருத் கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்கு வெளியே நிற்கிறது.

ராமமூர்த்திநகர் அம்மா:
போய்விட்டு வந்தோம். மிக்-21 முன்னால் பத்து நிமிஷம், மாருத்திடம் ஒரு மணி நேரம்! ஒரே ஒரு தகட்டில் ரிவெட்டை எண்ண ஆரம்பித்து நூற்றுப் பதினெட்டில் கணக்கை விட்டுவிட்டான். மாமா, உங்கள் அப்பா எந்தப் பக்கம் உள்ளே இருந்தார் என்று கேட்கச் சொல்கிறான்.

முருகேஷ்பாளையா மாமா:
இடது பக்கம், இறக்கை உடலோடு சேரும் இடம். அவனிடம் சொல்லுங்கள்.