ராலின்ஸ் பாடாமல் பேசுவதற்கு டிக்கெட் வாங்கலாமா?

கடைசிவரிசை:
பிளாக் ஃபிளாக் என்ற பங்க் ராக் (வேகமும் ஆவேசமுமான இசை) குழுவில் பாடிய ஹென்றி ராலின்ஸை அவருடைய 2022 பேச்சுச் சுற்றுப்பயணத்தில் பார்த்தேன். கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை. மைக்கும் மனிதரும் மட்டும். சுவாரஸ்யமாகத்தான் பேசினார், மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்டு வளர்ந்த பிளாக் ஃபிளாக் ஒரு நிமிடப் பாட்டில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகும். பாடி ஓய்ந்த வயதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பழங்கதை பேசினால் அதற்கும் பங்க் என்றா பெயர்? பழங்கதைக்கு எங்கள் பெரியப்பா போதும், இலவசம்.

பழையகேசட்:
உங்கள் பெரியப்பா கையில் குறிப்பு இல்லாமல், ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல், இடைவேளை விடாமல் பேசுவாரா? பேசுவார். கடைசிவரை கேட்க நீங்கள் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம், ‘பாடி ஓய்ந்த வயதில்’ என்பது தவறு. அவர் பேச மேடையேறியது 1983இல், லாஸ் ஏஞ்சலஸில். பிளாக் ஃபிளாக் கலைந்தது 1986இல். அதாவது தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த காலத்திலேயே பேச்சும் நடந்தது. குழுவின் பயண நாட்குறிப்புகளை அவரே வாசித்த ஒலிநூலுக்கு 1995இல் கிராமி கொடுத்தார்கள்.

கடைசிவரிசை:
சரி, வருடத்தில் நான் தோற்றேன். கிராமியைச் சாட்சிக்கு இழுத்து பங்க் என்று நிரூபிக்கிறீர்களே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

அஞ்சுடாலர்:
என் சண்டை டிக்கெட் விலையோடு. ராலின்ஸின் பால்ய நண்பர் இயன் மெக்காய். இருவரும் வாஷிங்டனில் ஒன்றாக வளர்ந்தவர்கள். மெக்காயின் ஃபுகாசி என்ற பங்க் குழு வருடக்கணக்காக 5 டாலருக்குக் கச்சேரி நடத்தியது, எந்த வயதினரும் வரலாம். முழுக் குழு, வேன், ஒலிபெருக்கி எல்லாம் வைத்துக்கொண்டு! ஒற்றை மைக்கோடு வருபவருக்கு ஏன் அது முடியாது?

மழைக்குருவி:
விலை பற்றி நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் கடைசிவரிசை அண்ணே, நீங்கள் மேடையைச் சரியாகப் பார்க்கவில்லை. மைக் கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு, காலை ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்து நிற்பாரே, பாடும்போது நிற்கும் அதே நிற்பு. நான் பார்த்த இரவில் ஐஸ்கிரீம் கடைக் கதை வந்தது. 1981இல் இருபது வயதில் கடை மேலாளர். பிளாக் ஃபிளாக்கைப் பார்க்க நியூயார்க்குக்கு வண்டி ஓட்டிப் போய், மேடையேறி ஒரு பாட்டுப் பாடிவிட்டு, விடிவதற்குள் கடை திறக்க ஓடிவருகிறார். பிறகு அந்தக் குழுவே கூப்பிட்டு, பாடகனாக வா என்கிறது. பலமுறை அச்சில் படித்த கதைதான். ஆனாலும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லும்போது, எங்கே கடை திறக்காமல் போய்விடுமோ என்று எனக்குப் பதறியது.

செவ்வாய்க்கிழமை:
கதை, கதை, கதை. எனக்கு டெட் கென்னடிஸ் என்ற பங்க் குழுவின் பாடகர் ஜெல்லோ பியாஃப்ரா போதும். அந்தக் குழுவின் ஆல்பத்தோடு கொடுத்த ஒரு சுவரொட்டிக்காக வழக்குப் போட்டார்கள். 1987இல் ஜூரிகள் ஒருமனதாக முடிவெடுக்க முடியாமல் வழக்கு கலைந்தது. அதற்குள் குழுவும் உடைந்திருந்தது. மனிதர் அந்த வழக்கையே ஊர் ஊராகப் பேசினார். பேசுவதற்குக் காரணம் இருந்தது.

பழையகேசட்:
பியாஃப்ரா பேச்சில் எனக்குக் கைதட்டத் தோன்றும், ராலின்ஸ் பேச்சில் சிரிக்கத் தோன்றும். எனக்கு இரண்டும் வேண்டும். வழக்கு வந்தால்தான் பேசலாம் என்றால் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசிவரிசை:
மழைக்குருவி சொன்ன அந்த நிற்பை நான் கவனிக்கவில்லைதான். என் இருக்கை தூணுக்குப் பின்னால். அடுத்த முறை யாராவது முன்வரிசை டிக்கெட் வாங்கித் தந்தால் வருகிறேன். நடுவில் எழுந்து ‘பாடுங்க சார்’ என்று கத்துவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.