அடர்தீவனத்தைக் கூட்டியும் பால் ஏறவில்லை, கொழுப்பு வேறு இறங்குகிறது

கறவைக்காரன்:
வணக்கம். கலப்பின ஜெர்சி பசு, இரண்டாம் ஈற்று, கன்று போட்டு ஒன்றரை மாதம். நாளைக்கு 12 லிட்டர் கறக்கிறது. இன்னும் கூடும் என்று அடர்தீவனத்தை (தானியம், தவிடு, பிண்ணாக்குக் கலவை) 6 கிலோவிலிருந்து 9 கிலோவாக ஏற்றினேன், காலை பாதி மாலை பாதி. பால் அப்படியே நிற்கிறது, 4.2 சதவீதம் இருந்த கொழுப்பு 3.3க்கு வந்துவிட்டது, சாணம் கூழ் மாதிரி போகிறது. வைக்கோலைச் சீண்டுவதே இல்லை. தீவனத்தை மாற்றிப் பார்க்கலாமா?

மேய்ச்சல்:
சக்தி பத்தவில்லை, மக்காச்சோள மாவு 1 கிலோ சேருங்க.

தொழுவம்:
மேலே சொன்னதைச் செய்யாதீங்க, இருக்கிற கோளாறு இன்னும் முற்றும். உடம்புக்கு ஒன்றரை முதல் 2 கிலோ, அப்புறம் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ என்பதுதான் பொதுக் கணக்கு, அப்படிப் பார்த்தால் 12 லிட்டருக்கு ஆறரை கிலோ பக்கம் போதும். ஒரே வேளையில் மாவுச்சத்து நிறைந்த அடர்தீவனம் நாலரை கிலோ உள்ளே போனால் முதல் வயிற்றில் அமிலம் ஏறும், நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் அடங்கிப்போகும். நார் செரித்து வரும் அசிட்டிக் அமிலம்தான் பால் கொழுப்புக்கு முக்கியமான மூலப்பொருள், அது குறைந்தால் ஃபேட் எங்கிருந்து வரும்? வைக்கோல் தின்னாமல் அசை குறைந்தால் அமிலத்தைத் தணிக்கிற உமிழ்நீரும் குறையும். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆறரைக்கு இறக்கி, மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, தீவனப்புல்லும் வைக்கோலும் தின்ற பிறகு வையுங்கள்.

கறவைக்காரன்:
புல்லை மெஷினில் பொடியாக வெட்டித்தான் போடுகிறேன், அதுவும் காரணமா? சமையல் சோடா கொடுக்கச் சொல்கிறார்கள்.

தொழுவம்:
ரொம்பப் பொடி என்றால் ஆமாம், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமாவது இருக்கட்டும். சோடா அமிலத்தைத் தற்காலிகமாகத் தணிக்கும், அவ்வளவுதான், தீவன அளவைச் சரி செய்யாமல் அதை நம்பிப் பிரயோஜனம் இல்லை.

பசுங்கிளை:
தண்ணீரை யாருமே கேட்கவில்லையே அண்ணே? ஒரு லிட்டர் பாலுக்கு 3 முதல் 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். காட்டும்போது மட்டும் குடிப்பது போதாது, தொட்டியில் எப்போதும் நிற்கணும். தாது உப்புக் கலவை தனியாகக் கொடுக்கிறீர்களா?

தொழுவம்:
நல்ல கேள்வி. இன்னொன்று, படுத்திருக்கும் நேரம் போய்ப் பாருங்கள், அசை போடாமலே கிடந்தாலோ, நொண்டினாலோ, தீவனத்தையே ஒதுக்கினாலோ காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.