கலைச்சொல்: டேட்டா புரொடெக்‌ஷன் வேறு, டேட்டா செக்யூரிட்டி வேறு

மடல் 1: பாளையங்கோட்டை

அண்ணாச்சி, வணக்கம்.

சட்ட மாணவர்களுக்கான வாழ்க்கைக் குறிப்புகளில் ஸ்பீரோஸ் சிமிடிஸ் வரைவு ஒரு சொல்லில் நிற்கிறது. 1934இல் ஏதென்ஸில் பிறந்தவர். மார்பூர்க்கில் சட்டம் படித்தார், கீசனில் கற்பித்தார், 1969 முதல் ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். தொழிலாளர் சட்டம், உரிமையியல் சட்டம், சட்டத் தகவலியல் எல்லாம் அவருடைய பாடங்கள். இதுவரை தடையில்லை. 1975 முதல் 1991 வரை ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் அவர் வகித்த பதவியை எப்படி எழுதுவது? ‘தரவுப் பாதுகாப்பு ஆணையர்’ என்றால், ஹேக்கர்களைப் பிடிக்கும் காவல்துறைப் பதவி என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘தரவுக் காப்பு’ என்று மாற்றலாமா?

மடல் 2: திருநெல்வேலி டவுன்

தம்பி,

‘ஆணையர்’ சரிதான். ‘பாதுகாப்பு’தான் இடிக்கிறது. ஒருவரைப் பற்றிய விவரம் எதற்குப் பயன்படலாம் என்று கட்டுப்படுத்துவது புரொடெக்‌ஷன். திருட்டுப் போகாமல் பூட்டி வைப்பது செக்யூரிட்டி. ஜெர்மனில் முதலாவதற்கு டாட்டன்ஷுட்ஸ், அடுத்ததற்கு டாட்டன்ஸிஹர்ஹைட் என்று இரண்டு சொல். ஆங்கிலத்திலும் இரண்டு. நாம்தான் இரண்டுக்கும் ‘தரவுப் பாதுகாப்பு’ என்று ஒன்றையே போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

ரதவீதியில் ஒரு நகைக்கடை ஆடித் தள்ளுபடிக்குக் குலுக்கல் கூப்பன் கொடுக்கிறது என்று வைத்துக்கொள். பெயர், கைப்பேசி எண், திருமண நாள் என்று மூன்று கட்டம். கூப்பன் தாளாகப் பெட்டியில் கிடக்கும்வரை இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தரவுச் சட்டம் அதைத் தொடாது. கணினியில் ஏற்றியதும் சட்டத்துக்குள் வந்துவிடும். கடைக்காரர் அந்தக் கோப்பை மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டுகிறார். பிறகு அதே கோப்பை, பூட்டும் சாவியுமாக, ஒரு மண்டபத் தரகருக்கு விற்கிறார். பாதுகாப்பில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் குலுக்கலுக்கென்று கொடுத்த எண் வேறு வேலைக்குப் போய்விட்டது. சட்டம் மீறப்பட்டது அங்கேதான்.

இதைத் திருப்பிப் பார். அல்வாக் கடைக் கணினிக்குள் யாரோ புகுந்து பக்குவக் குறிப்பைத் திருடினால் அது முழுக்கப் பாதுகாப்பு விவகாரம். அதில் எந்த மனிதரின் விவரமும் இல்லை. சிமிடிஸின் துறைக்கு அங்கே வேலையே இல்லை.

பாதுகாப்பு இந்தத் துறையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைச் சட்டங்களைப் புரட்டினாலே தெரியும். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒழுங்குவிதியில் (ஜிடிபிஆர்) 99 பிரிவுகள். பாதுகாப்புக்கென்று தனிப் பகுதியாக வருவது 32 முதல் 34 வரை, மூன்றே மூன்று. நம் சட்டத்தில் அது 8ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு. தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் என்பதால் செய்தியில் அதுதான் பெரிதாக வருகிறது. நோக்கத்தைச் சொல்வது, ஒப்புதல் பெறுவது, திருத்துவது, வேலை முடிந்ததும் அழிப்பது என்ற மற்ற கடமைகள் அந்தப் பெயருக்குள் அமுங்கிப்போகின்றன.

‘தரவுக் காப்பு’ எனக்கு ஒப்பவில்லை. கைப்பேசியில் பேக்கப்புக்குக் ‘காப்புப் பிரதி’ என்று வந்து பழகிவிட்டது. காப்பீடு, காப்புரிமை என்று ‘காப்பு’ ஏற்கெனவே பல வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட சொல். தரவுக் காப்பு என்றால் நகல் எடுத்து வைப்பது என்றே கொள்வார்கள். ‘பாதுகாப்பு’ செக்யூரிட்டிக்கு வேர் விட்டுவிட்டது. அதைப் பிடுங்க வேண்டாம்.

‘தனியுரிமை’யும் போதாது. மருத்துவமனைக் கணினியில் உன் இரத்த வகை தவறாக ஏறியிருக்கிறது. இரகசியம் எதுவும் வெளியே போகவில்லை. ஆனாலும் திருத்தச் சொல்லும் உரிமை உனக்கு உண்டு. அந்த உரிமை இந்தத் துறையைச் சேர்ந்தது. ஐரோப்பிய அடிப்படை உரிமைகள் சாசனம் தனி வாழ்வை 7ஆம் பிரிவிலும் இதை 8ஆம் பிரிவிலும் பிரித்தே வைத்திருக்கிறது.

என் முன்மொழிவு இது. பெர்சனல் டேட்டாவுக்கு ‘ஆள்தரவு’. துறைக்கு ‘ஆள்தரவுரிமை’. தரவுப் பாதுகாப்பு செக்யூரிட்டிக்கே இருக்கட்டும். ‘தனிநபர் தரவு’ பழகிய தொடர்தான், ஆனால் தனிநபர் வருமானம் என்றால் தலைக்கு இவ்வளவு என்று பொருள். கைப்பேசிக் கடையில் போய்த் ‘தனிநபர் டேட்டா’ என்று சொல்லிப் பார், ஓர் ஆளுக்கு நாளைக்கு எத்தனை ஜிபி என்றுதான் காதில் விழும். ‘தன்தரவு’ என்றும் யோசித்தேன். ‘வங்கி தன்தரவைக் கையாளும்போது’ என்று எழுதியதுமே அது வங்கியின் சொந்தத் தரவாகிவிடுகிறது. ஆகவே அதையும் விட்டேன்.

மடல் 3: அம்பாசமுத்திரம்

அண்ணாச்சிக்கு வணக்கம். மூன்று தடை.

முதலாவது, ‘ஆள்’. எங்கள் பக்கம் ஆள் என்றால் நடவுக்கும் அறுப்புக்கும் வருகிறவர். ‘இன்னைக்கு எத்தனை ஆள்?’ என்பதுதான் வயற்காட்டுக் கேள்வி. சட்டத்தில் எல்லாரையும் குறிக்க அது பொருந்துமா?

இரண்டாவது, புணர்ச்சி. முள்ளும் தாளும் சேர்ந்தால் முட்டாள். அதே விதிப்படி இது ‘ஆட்டரவு’ ஆக வேண்டும். அதை ஆட்டு அரவு என்று பிரிப்பார்களே தவிர, தரவு என்று யாரும் படிக்கமாட்டார்கள்.

மூன்றாவதுதான் பெரியது. ‘உரிமை’ என்றதும் நம்மவர் பட்டாவைத்தான் நினைப்பார்கள். இந்தச் சட்டம் தரவை யாருக்கும் சொத்தாகப் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை.

மடல் 4: திருநெல்வேலி டவுன்

மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

ஆள்: நீதிமன்றத் தமிழில் ஆட்கொணர்வு மனு இருக்கிறது, ஆள்மாறாட்டம் இருக்கிறது, ஆள்கடத்தல் இருக்கிறது. மூன்றிலும் ஆள் என்பது பணக்காரரும் கூலிக்காரரும் பேதமில்லாமல் யாரோ ஒரு மனிதர். சட்டம் கேட்பதும் அதைத்தான்: இன்னார் என்று அடையாளம் காணக்கூடிய ஓர் ஆளைப் பற்றிய தரவு. வயலுக்கு வருகிற ஆளுக்கும் இந்த உரிமை உண்டு என்பதால், சொல்லில் அந்த ஒலி கேட்பதை நான் குறையாக நினைக்கவில்லை.

புணர்ச்சி: ஆட்கொணர்வு விதிப்படி வந்தது. ஆள்மாறாட்டம் விதிப்படி ‘ஆண்மாறாட்டம்’ ஆகியிருக்க வேண்டும். பொருள் கெடும் என்று சட்டத் தமிழ் அதை இயல்பாகவே விட்டுவைத்தது. அருட்டிரு என்று இன்று யார் எழுதுகிறார்கள்? அருள்திருதான். அந்த வழியில் ஆள்தரவும் இயல்பாக நிற்கட்டும்.

உரிமை: இங்கே உங்கள் தடையில் பாதியை ஏற்கிறேன். வாக்குரிமை, தனியுரிமை, தகவல் அறியும் உரிமை எதிலும் சொத்து வாடை இல்லை. நிலவுரிமையிலும் பதிப்புரிமையிலும் இருக்கிறது. சொல் தன்னளவில் தெளிவாக இல்லாததால் ஒரு வேலி போட வேண்டும். ‘ஆள்தரவு உரிமையாளர்’ என்ற வடிவத்தை எங்கும் எழுதக் கூடாது. தரவு யாரைப் பற்றியதோ அவரைச் சட்டம் டேட்டா பிரின்சிபல் என்கிறது. அதற்குத் ‘தரவுக்குரியவர்’ என்றே எழுதுவோம். ‘தரவு முதல்வர்’ என்றால் கல்லூரி முதல்வர் நினைவுதான் வரும். தரவுக்குரியவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரும் சட்டப்படியான காப்பாளரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவார்கள். ‘உரியவர்’ அதற்கும் இடம் கொடுக்கிறது, ‘உரிமையாளர்’ கொடுக்காது.

டேட்டா ஃபிடூஷியரிக்கு ‘தரவு அறங்காவலர்’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் நெல்லையப்பர் கோயில் நினைவுக்கு வந்துவிடும். எதற்காக, எப்படிக் கையாள்வது என்று முடிவு செய்பவர்தான் ஃபிடூஷியரி. அந்தக் கூப்பன் கதையில் அவர் நகைக்கடைக்காரர். ‘தரவுப் பொறுப்பாளர்’ போதும். அவருக்காகக் கூலிக்குத் தட்டச்சு செய்யும் நிறுவனம் ‘தரவுக் கையாளர்’.

இதில் நாள் கடத்த முடியாது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகள் 22இல் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. இந்தக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. ‘உங்கள் தரவுப் பாதுகாப்புக்காக ஒப்புதல் தருக’ என்று எழுதிவிட்டால், படிப்பவர் பூட்டுப் போடத்தானே கேட்கிறார்கள் என்று சம்மதம் என்பதை அழுத்திவிடுவார். தரகருக்கு எண் போவதும் அதே சம்மதத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

தம்பி, சிமிடிஸ் வரைவில் இன்னொன்று. 1983 டிசம்பர் 15 ஜெர்மன் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தீர்ப்பில் வரும் உரிமையைத் ‘தகவல் சுயநிர்ணய உரிமை’ என்று எழுதியிருக்கிறாய். சுயநிர்ணயம் என்றால் நம் வாசகருக்கு நாடும் எல்லையும்தான் முன்னால் வரும். ‘தன் தகவலைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை’ என்று விரித்தே எழுது. நீளம்தான், ஆனால் பிழையில்லை.

பதவி வரியை இப்படி மாற்றிவிடு:

“உலகின் முதல் ஆள்தரவுரிமைச் சட்டத்தை 1970இல் இயற்றிய ஹெஸ்ஸன் மாநிலத்தில், 1975 முதல் 1991 வரை ஆள்தரவுரிமை ஆணையராக இருந்தார். அரசு அலுவலகங்கள் குடிமக்களின் விவரங்களை எதற்குத் திரட்டுகின்றன, எங்கே அனுப்புகின்றன என்பதைக் கண்காணிப்பது அந்தப் பதவியின் வேலை.”

இரண்டாம் வாக்கியத்தை எடுத்துவிடாதே. புதுச் சொல் வரும் முதல் இடத்தில் அது கூடவே இருக்க வேண்டும். அடுத்த பக்கத்திலிருந்து சொல் மட்டும் போதும்.